எரி கால்வாய்க்குப் பாய்மரத்தைப் படுக்கவைத்துக் கொண்டுபோவது: தாங்கி எங்கே, எவ்வளவு நீட்டலாம்?

ஏரிக்காற்று (கேள்வி)

வணக்கம். டொராண்டோவிலிருந்து ஒன்டாரியோ ஏரியைக் கடந்து நியூயோர்க் மாநிலத்து ஒஸ்வீகோ போய், ஒஸ்வீகோ கால்வாய், எரி (Erie) கால்வாய் வழியாக ஹட்சன் ஆற்றில் இறங்க வேணும். பாலங்களுக்காகப் பாய்மரத்தை இறக்கி மேல்தட்டில் படுக்கவைக்க வேண்டியிருக்கு.

படகு 30 அடி நீளம், 10 அடி அகலம். மரம் கேபின் கூரைமேல் நிற்கிற வகை, அலுமினியம், 41 அடி. கம்பிகளோடு சேர்த்து ஏறக்குறைய 65 கிலோ. ஒரே ஒரு சோடி ஸ்ப்ரெடர் (பக்கக் கம்பிகளை விலக்கிப் பிடிக்கிற குறுக்குத் தண்டு), மரத்தின் அடியிலிருந்து 19½ அடியில். முன்கம்பியில் ரோலர் ஃபர்லர் (முன்பாயைச் சுருட்டுகிற கருவி) இருக்கு.

மரம் படகைவிட 11 அடி நீளம். அந்த 11 அடியை முன்னுக்கும் பின்னுக்கும் எப்படிப் பிரிக்கிறது? முன்பக்கக் கம்பி வேலியிலயும் பின்பக்கக் கம்பி வேலியிலயும் அப்படியே சாத்திக் கட்டினால் போதுமா? டொராண்டோவிலேயே இறக்கிவிட்டுப் போகலாமா? மரவேலைக்கு என்ன சாமான் வாங்க வேணும்?

அணியத்துக்காரன்

கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: டொராண்டோவில் இறக்காதீங்கோ. ஒஸ்வீகோவுக்கு நேர்கோட்டில் 230 கி.மீ. திறந்த ஏரி. நிற்கிற மரம் உயரத்தில் இருக்கிற பாரம். அதுதான் படகின் ஆட்டத்தை மெதுவாக்கி வைக்கிறது. படுக்கவைத்தவுடன் அதே படகு குறுகிய ஆட்டமாக, வெட்டி வெட்டி ஆடத் தொடங்கும். அந்த வெட்டு முழுதும் உங்கள் கட்டுகளில்தான் விழும். பாயும் இல்லை, எஞ்சின் நின்றால் வேறு வழியும் இல்லை. ஒஸ்வீகோவில் கிரேன் வைத்து இறக்கலாம். திரும்ப நிறுத்துகிறது ஹட்சனில் காசில்டன் அல்லது கேட்ஸ்கில்.

உயரம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒஸ்வீகோ கால்வாயிலும், அது எரியோடு சேர்கிற த்ரீ ரிவர்ஸுக்குக் கிழக்கே எரியிலும் பாலத்துக்குக் கீழே 20 அடி அளவு கிடைக்கும். (மேற்கே பஃபலோ பக்கம் திரும்பினால்தான் 15½ அடி.) படுத்த மரம் தண்ணீரிலிருந்து 10 அடியைத் தாண்டாது. ஆகவே தாங்கியைக் குட்டையாகச் செய்து குனிந்து குனிந்து நடக்கத் தேவையில்லை.

கம்பி வேலியில் சாத்துகிறதை மறந்துவிடுங்கோ. முன்வேலி மனுசர் சாய்ந்தால் தாங்குவதற்குச் செய்தது. அதன் கால்களில் உள்ள போல்ட் மேல்தட்டின் சின்ன ஒரு இடத்தைத்தான் பிடித்திருக்கு. மரம் துள்ளுகிற ஒவ்வொரு துள்ளலுக்கும் அந்தப் போல்ட் அசையும்; பிறகு தட்டுக்குள் தண்ணீர் இறங்கும். மரம் வேலிக்கு மேலால் போகலாம், இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விட்டு. தொடக்கூடாது.

இனி நீட்சி. ஒரே சீரான ஒரு தண்டை இரண்டு தாங்கியில் வைத்தால், இரு முனையிலிருந்தும் நீளத்தில் 0.207 பங்கு உள்ளே தாங்கி வரும்போது தண்டை வளைக்கிற விசை மிகக் குறைவு. 41 அடிக்கு அது 8½ அடி. இரண்டு தாங்கிக்கும் இடையில் 24 அடி. உங்கள் படகில் இது வடிவாகப் பொருந்துது: அணியத்துக்கு (படகின் முன்முனை) முன்னால் 4 அடி, அமரத்துக்கு (பின்முனை) பின்னால் 7 அடி நீட்டினால், முன்தாங்கி அணிய முனையிலிருந்து 4½ அடி உள்ளே, முன்வேலிக்குச் சற்றுப் பின்னால் வரும். பின்தாங்கி 28½ அடியில், அதாவது அமரத்துக்கு ஒன்றரை அடி முன்னால்.

ஏன் பின்னுக்குக் கூட? முன்னால் நீட்டுகிறதைச் சுக்கான் பிடிக்கிறவர் சரியாகக் கணிக்க முடியாது. லாக் (படகை ஏற்றி இறக்குகிற நீர்ப்பூட்டு) சுவரில் முதல் முட்டுகிறது அதுதான். பின்னால் நீட்டுகிறது திரும்பும்போது எதிர்ப்பக்கம் வீசும். அதையும் கவனிக்க வேணும், ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கு.

மூன்றாவது தாங்கி நடுவில் கட்டாயம். பலர் அதை மரம் நின்ற இடத்திலேயே வைப்பார்கள், வசதியென்று. உங்கள் படகில் அது 11 அடிக்குக் கிட்ட வரும். பிறகு பின்தாங்கி வரை 17½ அடி வெறுமை. அந்த வெறுமையில்தான் மரம் குதிரை மாதிரித் துள்ளும். கேபின் கூரையின் பின் ஓரத்தில், 17 அடிக்குக் கிட்ட வையுங்கோ. மரத்தின் அடி முன்னாலே என்றால் ஸ்ப்ரெடர் பிடிப்பு 15½ அடியில் வரும், தாங்கியில் ஏறாது.

நடுத் தாங்கியின் உயரத்தைக் கண்ணால் மதிக்காதீங்கோ. முன், பின் தாங்கிகளின் பள்ளங்களுக்கு நடுவே நூல் கட்டி, அந்த நூலுக்கு அரை அங்குலம் கீழே நிற்கிற மாதிரிச் செய்யுங்கோ. மரத்தை வைத்த பிறகு ஆப்பு அடித்து மெல்லத் தொடவையுங்கோ. நடுத் தாங்கி ஒரு அங்குலம் கூடிவிட்டால் முழுப் பாரமும் அதில் ஏறி, மரம் ஏற்றப்பலகை மாதிரி ஆடும்; முனைக் கட்டுகளை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. இறுக்க இறுக்க வில்லாக வளையும், அவ்வளவுதான்.

மரத்தை எந்தப் பக்கம் படுக்கவைக்கிறது என்று கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேணும். மரத்தின் வெட்டுமுகம் முன்பின்னாக நீளம், பக்கவாட்டில் ஒடுக்கம். அந்த நீளம் மேல்கீழாக நிற்க வேணும்; பாய்த் தடம் மேலே, முன்முகம் கீழே. பக்கவாட்டில் படுக்கவைத்தால் தொய்வு கூடும். முன்முகத்தில் விளக்கோ ரேடார் தாங்கியோ இருந்தால் அது எந்தத் தாங்கியிலும் உட்காராமல் பாருங்கோ. இடிக்குமென்றால் தடத்தைக் கீழே போடலாம், தடத்தின் உதடு நசுங்காமல் இரட்டைக் கம்பளம் வைத்து.

தச்சுவேலை

பலகை வேலை என் பக்கம்.

முதல்ல ஒரு எச்சரிக்கை. பச்சை நிறமா இருக்கிற மருந்து ஏற்றிய பலகையை வாங்காதீங்க. அந்த மருந்துல செம்பு இருக்கு. ஈரத்தோட அலுமினியத்துல பட்டா அரிச்சு வெள்ளை வெள்ளையாக் குழி விழும். சாதாரண ஸ்ப்ரூஸ் போதும். பத்து நாள் வேலைக்கு மழை ஒண்ணும் செய்யாது.

வாங்க வேண்டியது: 8 அடி நீள 2க்கு 4 (அங்குலம்) பலகை 12, 2க்கு 6 பலகை 3, முக்கால் அங்குல பிளைவுட் அரைத் தாள், 3/8 அங்குல கேரேஜ் போல்ட் 24 (5 அங்குல நீளம், வாஷரோட), 3 அங்குல டெக் ஸ்க்ரூ ஒரு பெட்டி, பழைய கம்பளம். ஆணி வேண்டாம். ஆட்டத்துல ஆணி தன்னாலேயே உருவிக்கிட்டு வரும்.

முன்தாங்கியைத் தச்சர் குதிரை மாதிரி செய்யுங்க. ரெண்டு 'ஏ' வடிவச் சட்டம், முன்பின்னா 2 அடி இடைவெளி, நடுவுல குறுக்குச் சட்டமும் மூலைக்கு மூலை சாய்வுச் சட்டமும். ஒத்தை 'எக்ஸ்' சட்டம் பக்கவாட்டுல தாங்கும், முன்பின்னா மடங்கிடும். தரை தட்டினா மரம் முன்னால பாயப் பார்க்கும், அப்போ மடங்குறது அதுதான். கால்களை நேரா மேல்தட்டுல ஊன்றாம, 4 அடி நீள 2க்கு 6 பலகைமேல ஊன்றுங்க. உங்க படகு மேல்தட்டு நடுவுல மெத்துனு பால்சாவோ நுரையோ வச்ச வகையா இருந்தா, கால் முனை ஒரே இடத்துல அழுத்தி அமுங்கிடும். கீழே தடுப்புச் சுவர் ஓடுற கோட்டுக்கு மேல பலகை வந்தா ரொம்ப நல்லது.

முன்குதிரை உயரம் முன்வேலியை அளந்து முடிவு பண்ணுங்க. வேலி 24 அங்குலம்னா மரத்தோட அடிப்பக்கம் 27 அங்குலம்.

பின்தாங்கிதான் உயரமானது. ஆள் நிமிர்ந்து கீழே நடக்கணும்னா காக்பிட் (சுக்கான் பிடிக்கிற இடம்) தரையிலிருந்து ஆறரை அடி. ரெண்டு ரெண்டு 2க்கு 4-ஐச் சேர்த்துப் போல்ட் போட்ட இரட்டைத் தூண், இருக்கைமேல 2க்கு 6 அடிப்பலகை, மேல பிளைவுட் முக்கோணம் போட்ட குறுக்குச் சட்டம். பின்வேலிக் கம்பியோட யூ-போல்ட் போட்டுச் சேர்க்கலாம், அது பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்க மட்டும். பாரம் தூண் வழியா இருக்கைக்கு இறங்கணும். வீல் திருப்புறப்ப கை இடிக்குதான்னு தூணை நிறுத்தின உடனே பாருங்க, கரையிலேயே பாருங்க.

பள்ளம் வெட்டுறப்ப மரத்தோட அகலத்துக்கு மேல முக்கால் அங்குலம் கூட விடுங்க, கம்பளத்துக்கு. ஆழம் 3 அங்குலமாவது இருக்கட்டும். பின்தாங்கிப் பள்ளத்துல படகு டிரெய்லருக்கு விற்கிற ரப்பர் உருளை ஒண்ணு மாட்டினா, கிரேன் இறக்கினதும் ரெண்டு பேர் தள்ளி மரத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டு வந்துடலாம். இடம் வந்ததும் ரெண்டு பக்கமும் ஆப்பு. உருளையை அப்படியே விட்டா மரமும் உருளும்.

முழுச் சட்டத்தையும் வீட்டுலயே பூட்டிப் பார்த்து, ஒவ்வொரு மூட்டுலயும் எண் எழுதி, கழற்றிக் கட்டாப் படகுல ஏத்துங்க. கிரேனுக்குக் கீழே நின்னுக்கிட்டு பலகை அறுக்குறது நல்லா இருக்காது, பின்னால வரிசை நிக்கும்.

ஏரிக்காற்று

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ஒரு சிக்கல். முன்கம்பியை அளந்தேன், 44 அடி. மரம் 41. மரத்தோடு சேர்த்துக் கட்டினால் ஃபர்லர் டிரம் (கயிறு சுற்றுகிற அடிப்பகுதி) மரத்தின் அடியைத் தாண்டி 3 அடி நீட்டுது. அணியத்துக்காரன் அண்ணை சொன்ன மாதிரி அடியை முன்னால் வைத்தால் முன்நீட்சி 4 இல்லை, 7 அடி ஆகுது.

மூன்றாம் துறை

அதனால்தான் நான் மரத்தின் முடியை முன்னால் வைக்கச் சொல்வேன். அடி பின்னால், டிரம் அமரத்துக்குப் பின்னால். 7 அடியோடு 3 சேர்ந்து 10 அடி பின்னால் நீளும், உண்மை. ஆனால் டிரம்தான் இதிலேயே விலை கூடிய, கனமான, வளையாத துண்டு. அது கண் முன்னால் இருக்கட்டும். முடியில் காற்றுமானி, ஏரியல், விளக்கு எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிடுகிறீர்கள். பிறகு வெறும் அலுமினிய முனைதானே முன்னால் நிற்கிறது. ஸ்ப்ரெடர் பிடிப்பு அப்போது 17½ அடியில் வரும், ஆகையால் நடுத் தாங்கியை 16க்கு நகர்த்துங்கள்.

ஃபர்லரில் உடைவது டிரம் இல்லை, அலுமினியக் குழல். ஏழெட்டு அடித் துண்டுகளை உள்ளே இணைப்பு வைத்துச் சேர்த்தது அது. மரம் ஒரு பக்கம் துள்ள, குழல் வேறு பக்கம் துள்ள, இணைப்பில் விரிசல் விழும். குழலை மரத்தோடு ஒட்டவைத்து இரண்டு அடிக்கு ஒரு கட்டு, இடையில் நுரைத் துண்டு. மரத்தைத் தாண்டி நீளும் பகுதிக்கு ஒரு 2க்கு 4 பலகையைச் சிம்பு மாதிரி வைத்து, மரத்தின் மேல் ஐந்தாறு அடி வரை உள்ளே கொண்டுபோய்க் கட்டுங்கள். டிரம் அந்தரத்தில் தொங்கக்கூடாது.

கம்பிகள். இறக்குவதற்கு முன்பே ஒவ்வொரு டர்ன்பக்கிளிலும் (கம்பியை இறுக்கும் திருகு) வெளியே தெரியும் மரையை எண்ணி எழுதுங்கள், டேப் சுற்றி அடையாளமும் வையுங்கள். திரும்ப நிறுத்தும்போது அதுதான் தொடக்கம். கிரேன் வருவதற்கு முன் டர்ன்பக்கிள்களில் எண்ணெய் விட்டு ஒருமுறை அசைத்துப் பாருங்கள். கிளெவிஸ் பின் (கம்பியைப் பூட்டும் ஆணி), காட்டர் பின் (அது கழலாமல் தடுக்கும் ஊசி) எல்லாம் கம்பிவாரியாகத் தனித்தனிப் பையில். காட்டர் பின்னைப் புதிதாகவே வாங்குங்கள். பாய்கள், பூம் (பாயின் அடித்தண்டு) எல்லாம் துறைக்கு வரும் முன்பே கழன்றிருக்க வேண்டும்.

பக்கக் கம்பிகளை மரத்தோடு சேர்த்துக் கட்டும்போது, மேல்முனையில் கம்பி மரத்துக்குள் போகும் இடத்தைப் பாருங்கள். அந்த முனை நேராக இழுபடுவதற்குச் செய்தது. பக்கவாட்டில் மடித்து வைத்து 300 கி.மீ.க்கு மேல் ஆடவிட்டால் வாயில் ஒவ்வொரு இழையாகத் தெறிக்கும். மடியாமல் நேராகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பொருட்களைச் சுற்றும் பிளாஸ்டிக் நீள்தாளைச் சுற்றுங்கள். டேப்பை அலுமினியத்தில் நேராக ஒட்டினால் வெயிலில் பசை இறங்கி, பிறகு சுரண்டியே வயசு போய்விடும்.

கிரேன் பிடிக்கும் தூக்குவாரை ஸ்ப்ரெடருக்குக் கீழே போடுவதுதான் வழக்கம், மரம் வழுக்காது என்று. உங்கள் ஸ்ப்ரெடர் 19½ அடியில், மரத்தின் பாதிக்கும் கீழே. அங்கே போட்டால் மேல்பக்கம் கனத்து மரம் தலைகீழாகப் புரளும். வார் 24, 25 அடியில் நிற்க வேண்டும். அது மேலே வழுக்காமல் இருக்க, வாரிலிருந்து ஒரு கயிற்றை மரத்தின் அடியில் உள்ள கிளீட்டுக்கு (கயிறு கட்டும் கொம்பு) இழுத்துக் கட்டுங்கள். அடியில் ஒருவர் கை வைத்து வழிநடத்த வேண்டும். காற்று வீசினால் காலை வரை பொறுங்கள்.

அணியத்துக்காரன்

மூன்றாம் துறை சொன்னதில் குழல், கம்பி, தூக்குவார் எல்லாம் சரி. 10 அடி பின்நீட்சிக்கு மட்டும் நான் உடன்பாடில்லை. லாக்கில் உங்களுக்குப் பின்னால் இன்னொரு படகு நிற்கும், அவர் உங்கள் டிரம்முக்கு எவ்வளவு கிட்ட வருகிறார் என்பது உங்கள் கையில் இல்லை. மரம் கீழே படுத்த பிறகு டிரம்மையும் அதற்குள் இருக்கிற டர்ன்பக்கிளையும் கழற்றலாம்; பெரும்பாலான ஃபர்லர்களில் சில ஸ்க்ரூதான், கையேட்டைப் பாருங்கோ. அப்போது 44 அடி 41½ ஆகிவிடும். டிரம் கேபினுக்குள். கழற்றேலாத வகை என்றால் முடியை முன்னால் வைக்கிறதுதான் வழி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

கட்டு முறையைப் பற்றி ஒருத்தரும் இன்னும் எழுதவில்லை. மரத்தை உடைக்கிறது அதன் பாரம் இல்லை, அசைவு. மூன்று திசை இருக்கு: மேல்கீழ், பக்கவாட்டு, முன்பின். முதல் இரண்டையும் எல்லாரும் கட்டுவார்கள். முன்பின்னை மறப்பார்கள்.

ஒவ்வொரு தாங்கியிலும் மரத்தைத் தாங்கியோடு ஒரு கட்டு. பிறகு தாங்கியையும் மரத்தையும் சேர்த்து இரு பக்கமும் கீழே சாய்வாக இழுத்து, கம்பி பூட்டுகிற செயின்பிளேட்டிலோ கிளீட்டிலோ கட்டுங்கோ. பக்க வேலித் தூண்களில் கட்டாதீங்கோ, உள்ளே வளையும். முன்பின்னுக்கு, மரத்தின் நடுப்பகுதியில் வழுக்காத முடிச்சுப் போட்டு ஒரு கயிறு முன் கிளீட்டுக்கும் ஒன்று பின் கிளீட்டுக்கும். 8 அல்லது 10 மி.மீ. பாலியஸ்டர் கயிறு 150 அடி வாங்கினால் கணக்குச் சரியாகும். நைலோன் வேண்டாம், நனைந்தால் இளகும். ராட்செட் வார் பாவித்தால் ஒரு முறுக்குப் போட்டு இழுங்கோ, இல்லாவிட்டால் காற்றில் இரவு முழுக்க ரீங்காரம். ராட்செட்டின் பலத்துக்கு அளவில்லை; நடுவில் ஓரளவு, முனைகளில் தொய்வு எடுக்கிற அளவுக்கு மட்டும்.

நங்கூரம் மரத்துக்குக் கீழே அடைபடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கிழக்கே மோஹாக் ஆற்றில் லாக்குகளுக்குப் பக்கத்தில் அணைகள் இருக்கு. அணைக்கு மேலே எஞ்சின் நின்றால் உங்களிடம் பாயில்லை. நங்கூரம் ஒன்றுதான் பிரேக். முன்குதிரையைப் பூட்டின பிறகு நங்கூரத்தை ஒருக்கா இறக்கி ஏற்றிப் பாருங்கோ.

ஒஸ்வீகோவிலிருந்து ஹட்சனில் இருக்கிற ட்ரோய் வரை 30 லாக். ஒஸ்வீகோ கால்வாயில் 7 (எண் 8 வரை போகும், 4 இல்லை), எரியில் 23லிருந்து 2 வரை 22, கடைசியாக ட்ரோய் லாக். முதல் 10 ஏற்றம், மிச்சம் 20 இறக்கம். தண்ணீர் உள்ளே நிரம்புகிற ஏற்ற லாக்கில்தான் சுழிப்பு. அணியம் சுவரிலிருந்து விலகி அமரம் உள்ளே வரும், பின்நீட்சி சுவரைத் தேடிப் போகும். முன்னால் ஒராள், பின்னால் ஒராள், சுவரில் தொங்குகிற கயிறைப் பிடித்து நிற்க வேணும், கட்டக்கூடாது. கயிறு எப்போதும் மரத்துக்குக் கீழால் வரட்டும். மேலால் எடுக்காதீங்கோ. மரத்தைக் கைபிடியாக வைத்துச் சுவரைத் தள்ளவே கூடாது. சுவர் சொரசொர கொங்கிரீட். ஃபென்டர் (மோதல் தாங்குகிற காற்றுப்பை) மட்டும் போட்டால் உருண்டு மேலே ஏறும், இரண்டு ஃபென்டருக்கு வெளியே 8 அடி 2க்கு 6 பலகை தொங்கவிடுங்கோ.

மரத்தை இறக்கின பிறகு ஒனைடா ஏரிதான் ஒரே திறந்த தண்ணீர். 33 கி.மீ. நீளம், ஆழம் குறைவு, கிழக்கு மேற்காகக் கிடக்குது. மேற்குக் காற்று அடித்தால் குட்டையான செங்குத்து அலை. விடியலில் கிளம்பி, காற்று எழும்ப முன்னர் கிழக்குக் கரையில் இருக்கிற சில்வன் பீச்சைப் பிடியுங்கோ. காற்று இருந்தால் மேற்கு முனை ப்ரூவர்டனில் ஒரு நாள் நிற்கிறது மலிவு. மோட்டர் படகு அலை வந்தால் வேகத்தைக் குறைத்து அலைக்குச் சாய்வாக முகம் கொடுங்கோ. பக்கவாட்டில் வாங்கினால் முனை வீசும். அலை போன பிறகு ஒரு சுற்றுக் கட்டுகளைப் பார்க்க வேணும்.

சேன்_நதி

பிரான்சில் இதே வேலை செய்ய நினைத்து இந்தத் திரியைப் படிக்கிறவர்களுக்கு மட்டும். மேலே சொன்ன ஆறரை அடிப் பின்தாங்கியை இங்கே அப்படியே எடுக்க வேண்டாம். 1879இன் ஃப்ரேசினே அளவில் கட்டின கால்வாய்களில் லாக் 38.5 மீட்டர் நீளம், 5 மீட்டர் சொச்சம் அகலம். பாலத்துக்குக் கீழே பொதுவாக 3.5 மீட்டர்தான். சில கால்வாய்களில் அதைவிடக் குறைவு. வளைவுப் பாலமாக இருந்தால் அந்த உயரமும் நடுவில் மட்டுமே. மரம் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தால் வளைவின் தோளில் இடிக்கும், ஆகவே நடுக்கோட்டில் வையுங்கள், தாங்கியைக் குட்டையாகச் செய்யுங்கள், தண்ணீர்மட்டத்திலிருந்து மரத்தின் உச்சி வரை அளந்து எழுதி வையுங்கள். நீட்சி அதிகமென்றால் மரத்தை லாரியில் தெற்கே ரோன் ஆற்று முகத்தில் உள்ள போர்-சேன்-லூயிக்கு அனுப்பிவிட்டு வெறும் படகாக இறங்குவது இங்கே சாதாரணம்.

ஏரிக்காற்று

கையேட்டைப் பார்த்தேன், டிரம் கழற்றலாம். அடி முன்னாலேயே வைக்கப் போகிறேன். கடைசியாக ஒன்று: வி.எச்.எஃப் ரேடியோ ஏரியல் மரமுடியில் இருக்கு. லாக்கைக் கூப்பிட என்ன செய்கிறது?

தச்சுவேலை

பின்வேலியில கட்டுற மூணு அடிக் குட்டை ஏரியல் ஒண்ணு வாங்கி, ரேடியோவுக்குப் பின்னால பி.எல்.259 இணைப்புல மாத்தி மாட்டிக்குங்க. லாக் கூப்பிட சானல் 13. கை ரேடியோவும் போதும், லாக் கண்ணுக்குத் தெரியுற தூரத்துலதான் பேசப்போறீங்க. மரத்துல இருந்த பழைய கேபிள் முனையைப் பையில சுத்திக் கட்டுங்க, தண்ணி ஏறினா அப்புறம் முழுக் கேபிளும் போச்சு. மரமுடியிலயும் முன்முகத்துலயும் இருந்த விளக்கும் இப்ப இல்லை. இருட்டுறதுக்குள்ள கரை சேர முடியலைன்னா பின்தாங்கித் தூண் உச்சியில ஒரு வெள்ளை விளக்கு கட்ட இடம் விட்டு வைங்க.

அணியத்துக்காரன்

டிரம் கழற்றினபோது வெளியே வருகிற சின்ன ஸ்க்ரூக்களை எண்ணி ஒரு போத்தலில் போடுங்கோ. தண்ணீருக்கு மேலே நின்று கழற்றினால் கீழே ஒரு துணி விரிக்க மறக்காதீங்கோ. காசில்டனில் நிறுத்துகிறதென்றால் அங்கே அலையேற்றம் இறக்கம் நாலைந்து அடி இருக்கு. கிரேன் கரையில் நிற்கும், படகு ஏறி இறங்கும். எந்த நேரத்துக்கு மட்டம் சரி வரும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கோ.